மண்டபம் காத்தவர் மாண்ட இரவு

யுத்தத்தில் மாண்டவர்களைக் கணக்கிடும்போது உலகம் முதலில் போர்வீரரை எண்ணுகிறது. அடுத்தபடியாகத் தளபதிகளையும் மந்திரிகளையும் பெயர் சொல்லிப் புகழ்கிறது. வீடிழந்து தெருவில் நின்ற ஏழைகளையும் சில வேளைகளில் நினைத்துக் கொள்கிறது. ஆனால் குண்டு விழும் நகரத்திலே மாலைதோறும் விளக்கேற்றி, கதவைத் திறந்து, வாத்தியக்காரருக்குக் கூலி கொடுத்து, 'வாருங்கள், சிறிது நேரம் பாட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்' என்று ஜனங்களை அழைக்கும் மனிதனை எவரும் எண்ணுவதில்லை. அவன் வியாபாரிதானே, லாபத்திற்காக மண்டபம் நடத்துகிறவன்தானே, அவனுக்கு என்ன நினைவாஞ்சலி வேண்டிக் கிடக்கிறது என்று கேட்போரும் உண்டு. அத்தகைய ஒருவருடைய மரணத்தைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுகிறோம். அவர் செய்த தொண்டையும் சொல்லுவோம். அவர் செய்த பிழையையும் மறைக்க மாட்டோம். இரண்டும் ஒரே இரவில், ஒரே இடத்தில், அவருடைய உயிரோடு கலந்து போயின.

அவர் பெயர் மார்ட்டினஸ் பௌல்ஸன். பிறப்பால் டென்மார்க் தேசத்தவர். லண்டன் மாநகரில் விருந்துண்போருக்குப் பரிமாறும் தொழிலில் தலைமைப் பரிசாரகராக இருந்து, தம் உழைப்பாலும் சாமர்த்தியத்தாலும் விடுதிக்கே அதிபராக உயர்ந்தவர். அவர் நடத்திய விடுதி, லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தை அடுத்த கவென்ட்ரி வீதியில் 1924-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'காபே டி பாரிஸ்' என்பது. பெயர் பாரிஸ் நகரத்தைக் குறித்தாலும் இடம் லண்டனின் நடு நெஞ்சம். வீதியிலே நிற்பவனுக்கு அங்கே ஒரு வாயில் மாத்திரமே தென்படும். மேலே ரியால்டோ என்னும் சினிமாக் கொட்டகை; அதற்குக் கீழே, பூமிக்கு அடியிலே, இந்த நடன மண்டபம். வாயிலுக்குள் நுழைந்து படியிறங்கினால் மண்டபத்தைச் சுற்றிலும் ஒரு மேல்மாடம், அதிலிருந்து இருபுறமும் வளைந்து இறங்கும் படிக்கட்டுகள், கீழே நடனத் தளம், வாத்தியக் கோஷ்டிக்கு ஒரு மேடை, சுவர்களில் நிலைக்கண்ணாடிகள். பெருங் கப்பலொன்றின் நடன மண்டபத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்று சொல்லுவார்கள். பட்டத்து இளவரசர், அதாவது பிற்காலத்தில் எட்டாம் எட்வர்டு என்று சிறிது காலம் முடி தரித்து அதைத் துறந்தவர், அங்கே அடிக்கடி வரத் தொடங்கியதும் சீமான்களும் சீமாட்டிகளும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். விடுதியின் புகழ் அவ்வாறு வளர்ந்தது.

இவ்வளவும் செல்வர்களின் கேளிக்கைக் கதை. இதில் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின், யுத்தம் வந்தபோது அந்த மண்டபத்தின் இயல்பு எவ்வாறு மாறிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்தது. அன்றே நாடகக் கொட்டகைகளும் சினிமாக் கொட்டகைகளும் இசை மண்டபங்களும் மூடப்பட வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு பிறந்தது. ஜனங்கள் ஓரிடத்தில் கூடினால் ஒரே குண்டில் நூற்றுக்கணக்கானோர் மடிவர் என்பது காரணம். ஆனால் இருட்டடிப்பில் மூழ்கிய நகரத்தில், பாட்டும் இல்லாமல் கூத்தும் இல்லாமல், அடுத்த செய்தி எதுவோ என்று ஏங்கியிருந்த ஜனங்களின் மனோதிடம் சில தினங்களுக்குள்ளாகவே தளரலாயிற்று. மனிதன் அப்பத்தினால் மாத்திரம் யுத்தம் நடத்துவதில்லை என்பதைச் சர்க்காரும் உணர்ந்தது. சில வாரங்களுக்குள் தடை படிப்படியாகத் தளர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் பியானோ விதுஷி மைரா ஹெஸ் அம்மையார், சித்திரங்கள் அகற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த தேசீய சித்திரசாலையில் மத்தியான வேளைக் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் 1 ஷில்லிங். குண்டு வீச்சு கடுமையானபோது கச்சேரிகள் அக்கட்டடத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டன, நிறுத்தப்படவில்லை. யுத்தம் முடிந்து 1946-இல் ஓயும்வரை 1,698 கச்சேரிகள் நடந்தன.

பகலில் சித்திரசாலை செய்த பணியை இரவில் செய்தவை பௌல்ஸனுடையதைப் போன்ற மண்டபங்கள். முன்னே சீமான்களுக்கு மாத்திரம் உரியதாயிருந்த தளத்தில் இப்போது விடுமுறையில் வந்த விமானிகளும், சிப்பாய்களும், கடற்படையினரும், தாதிகளும் வந்து ஆடினார்கள். நாளைக் காலையில் கப்பலேறப் போகிறவன் இன்றிரவு ஒரு மணி நேரம் உலகத்தை மறந்திருக்க விரும்பினான். அந்த ஒரு மணி நேரத்தைக் காத்துக் கொடுப்பதே மண்டபம் நடத்துகிறவனுடைய தொழிலாயிற்று.

அந்த மேடையில் வாசித்தவர்கள் யார்? இங்கேதான் நம் வாசகர்கள் சற்று நின்று கேட்க வேண்டும். 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து காபே டி பாரிஸில் வாசித்த கோஷ்டியின் தலைவர் கென் ஜான்ஸன். பிரிட்டிஷ் கயானாவின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் 1914-ஆம் ஆண்டு பிறந்த கறுப்பர். பாம்பு போல் வளைந்தாடும் நடனத் திறமையால் 'ஸ்நேக்ஹிப்ஸ்' என்று பட்டப் பெயர் பெற்றவர். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு முடித்து, பெரியோர் விரும்பிய உத்தியோக வழியைக் கைவிட்டு நடனத்தில் இறங்கி, அமெரிக்கா சென்று அந்நாட்டுக் கறுப்பரின் ஜாஸ் சங்கீதத்தைக் கண்டும் கேட்டும் மீண்டவர். கறுப்பர்களையே சேர்த்து அவர் நடத்திய அந்த கோஷ்டியின் வாசிப்பு பி.பி.சி. வானொலி மூலம் பிரிட்டன் முழுவதும் கேட்டது.

கயானா என்றதும் தமிழருக்கு ஒரு நினைவு எழாமல் போகாது. 1838-ஆம் ஆண்டு முதற்கொண்டு இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டங்களில் தள்ளிய தேசங்களில் அதுவும் ஒன்று; பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவரும் அங்கே ஏற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியும் இந்தியக் கூலிகளின் சந்ததியும் ஒரே சர்க்கரை முதலாளிகளுக்கு உழைத்த மண் அது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு வாலிபர் சாம்ராஜ்யத்தின் தலைநகரில், சாம்ராஜ்யத்தின் பிரபுக்கள் எதிரே, தம் கைக்கோலை அசைத்து ஒரு கோஷ்டியை நடத்தினார். அந்நாளில் லண்டனில் கறுப்பருக்கு அறை தர மறுத்த ஹோட்டல்கள் இருந்தன. அத்தகைய காலத்தில் கறுப்பர் கோஷ்டிக்குத் தன் மேடையை நிரந்தரமாய்க் கொடுத்த விடுதியின் செயலைச் சாமானியமென்று தள்ளிவிட முடியாது. வியாபார புத்தியே அதற்குக் காரணமாயிருக்கலாம். இருக்கட்டும், பிரபுக்களின் மனிதாபிமானம் செய்யாததை ஒரு பரிசாரகரின் வியாபார புத்தி செய்தது.

இனி பிழைக்கு வருவோம். பௌல்ஸன் தம் விடுதியைப் பற்றி ஒன்றை ஓயாமல் விளம்பரம் செய்து வந்தார். விமானத் தாக்குதலின் நடுவிலும் நகரத்திலேயே மிகவும் பத்திரமான உணவு விடுதி தம்முடையதே. ஏனெனில் அது பூமிக்குக் கீழே 20 அடி ஆழத்தில் இருக்கிறது என்பதே அந்த விளம்பரம். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் தேதி முதல் ஜெர்மானிய விமானங்கள் 57 இரவுகள் தொடர்ந்தாற்போல் லண்டனைத் தாக்கின. அவ்விரவுகளில் அந்த மண்டபத்துக்கு ஓர் ஆபத்தும் நேரவில்லை. நேராதது கண்டு நம்பிக்கை வளர்ந்தது. நம்பிக்கை வளர வளரக் கூட்டமும் வளர்ந்தது.

1941-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் தேதி, சனிக்கிழமை. அதற்கு முந்திய சில வாரங்களாகத் தாக்குதல் சற்றே தணிந்திருந்தது. அன்றிரவு மீண்டும் அபாயச் சங்கு ஊதிற்று. கென் ஜான்ஸன் அப்போது வேறோரிடத்தில் நண்பர்களோடு இருந்தார். தாக்குதல் ஓயும்வரை இங்கேயே இரு என்று அவர்கள் தடுத்தார்கள். குறித்த நேரத்தில் மேடையேறாமல் இருப்பது அவருக்குச் சம்மதமில்லை. வாடகை மோட்டார் அகப்படாத இருட்டில், பீரங்கிகள் முழங்கிக் கொண்டிருக்க, ஓடியே வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பதே முக்கால் மணிக்கு மேடையேறினார். கோஷ்டி வாசிக்கத் தொடங்கிற்று. ஜோடிகள் தளத்தில் இறங்கின. சில நிமிஷங்களுக்குள் இரண்டு குண்டுகள் மேலிருந்த கட்டடத்தினூடே பாய்ந்து மண்டபத்தில் விழுந்தன. ஒன்று வாத்திய மேடைக்கு எதிரே வெடித்தது. மற்றொன்று வெடிக்கவில்லை.

குறைந்தபட்சம் 34 பேர் இறந்தார்கள். சுமார் 80 பேர் காயமடைந்தார்கள். ஜான்ஸன் மாண்டார், அவருக்கு வயது 26. சாக்ஸபோன் வாசித்த டேவ் வில்லியம்ஸ் மாண்டார். கிதார் வாசித்த ஜோ டெனிஸ், கிளாரினெட் வாசித்த கார்ல் பாரிட்டோ முதலியோர் காயங்களோடு தப்பினார்கள். விடுதியின் அதிபராகிய மார்ட்டினஸ் பௌல்ஸனும் தம் மண்டபத்திலேயே, தம் விருந்தினரோடு விருந்தினராய், உயிர் துறந்தார். விருந்துக்கு வந்திருந்த வைத்தியரும் தாதியரும், தண்ணீர் அகப்படாமல், ஷாம்பேன் மதுவைக் கொண்டு புண்களைக் கழுவினார்கள் என்பர். அதே இருட்டில் திருடர் சிலர் புகுந்து பிணங்களின் விரல்களிலிருந்து மோதிரங்களைக் கவர்ந்தனர் என்பதும் பதிவாகியிருக்கிறது. மனிதனின் உயர்வும் இழிவும் ஓரறைக்குள் நின்ற இரவு அது.

நிற்க. 20 அடி ஆழம் ஏன் காக்கவில்லை? இதை உணர்ச்சியால் அல்ல, அறிவால் ஆராய வேண்டும். குண்டிலிருந்து காப்பது ஆழமல்ல. தலைக்கு மேலுள்ள கூரையின் கனம். 20 அடி மண்ணும் கான்கிரீட்டும் மேலே இருந்தால் அது வேறு. 20 அடி வெற்றிடமும் அதன்மேல் ஒரு சினிமாக் கொட்டகையின் கூரையும் இருந்தால் அது கிணற்றின் அடியில் உட்கார்ந்திருப்பதற்கே சமானம். அதற்கும் மேலாக ஒன்றுண்டு. திறந்த வெளியில் வெடிக்கும் குண்டின் வேகம் நாலாதிசையும் பரந்து தணிகிறது. மூடிய அறைக்குள் வெடித்தாலோ காற்றழுத்தம் சுவர்களில் மோதித் திரும்பித் திரும்பி அடிக்கிறது. நுரையீரல் உள்ளேயே சிதைகிறது. மேனியில் ஒரு கீறலும் தெரியாது. மேஜைகளின் எதிரே, உட்கார்ந்தபடியே, காயமொன்றும் காணாமல் பிணமாயிருந்தவர்களை மீட்புப் படையினர் கண்டார்கள். காக்குமென்று நம்பிய சுவர்களே அவர்களுக்குக் காலனாயின.

இந்தப் பாடத்தை லண்டன் முன்னமே கற்றிருக்கலாம். ஐந்து மாதங்களுக்கு முன், 1940-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ஆம் தேதி, பாலம் என்னும் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே வீதியில் ஒரு குண்டு விழுந்தது. வீதி பிளந்தது, நீர்க்குழாய்களும் சாக்கடைக் குழாய்களும் உடைந்தன, நடைமேடையில் படுத்திருந்த 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பூமிக்கு அடியில் என்ற சொல் மாத்திரம் மந்திரமாகாது என்று அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நகரம் கேட்க விரும்பவில்லை. நம்ப விரும்புகிறவனுக்கு அத்தாட்சி வேண்டுவதில்லை.

அப்படியானால் பௌல்ஸனைக் குற்றவாளி என்று தீர்த்துவிடலாமா? நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். உலகத்தில் பத்திரத்தை விற்பவர் இரு வகையினர். பிறருக்குப் பத்திரமென்று சொல்லிவிட்டுத் தாம் தூர தேசத்துத் தோட்ட வீட்டில் உறங்குகிறவர்கள் ஒரு வகை. எல்லா யுத்தத்திலும் எல்லாத் தேசத்திலும் இவர்களைக் காணலாம். தாம் சொன்னதைத் தாமே நம்பி, பிறரை எங்கே உட்கார வைத்தாரோ அங்கேயே தாமும் நிற்பவர் மற்றொரு வகை. பௌல்ஸன் இரண்டாம் வகையினர். ஆதலால் அவரை வஞ்சகர் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆனால் வஞ்சகம் இல்லாததனால் பொறுப்பும் இல்லாமற் போய்விடாது. நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு. நூற்றுக்கணக்கானோரைத் தம் கூரையின் கீழ் அழைப்பவர் அந்தக் கூரை எதைத் தாங்கும் என்று அறிந்திருக்கக் கடமைப்பட்டவர். மண்டபத்தை மூடாமலிருந்தது பிழையன்று. அதைக் கோட்டை என்று சொன்னதே பிழை. 'இங்கேயும் ஆபத்து உண்டு. துணிந்தவர் வருக' என்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த விமானிகளும் தாதிகளும் வராமல் இருந்திருப்பார்களா? பெரும்பாலும் வந்தேயிருப்பார்கள். ஆபத்தை அறிந்து வருவதற்கும், ஆபத்தில்லை என்று நம்பி வருவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது வீரம், பின்னது ஏமாற்றம்.

இதில் ஆட்சியாளர் பங்கு யாது என்பதையும் கேட்காமல் விட முடியாது. லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்கு உறுதியான ஆழ்நிலைப் புகலிடங்கள் வேண்டுமென்று யுத்தத்துக்கு முன்பிருந்தே கிளர்ச்சி நடந்தது. சர்க்கார் செவி சாய்க்கவில்லை. சுரங்க ரயில் நிலையங்களில் ஜனங்கள் தங்குவதைக்கூட முதலில் தடுத்தது. அவர்கள் டிக்கெட்டு வாங்கிக் கொண்டு இறங்கி, ஏற மறுத்த பிறகே இணங்கிற்று. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி ஸ்டெப்னியைச் சேர்ந்த தொழிலாளர் குடும்பத்தினர், பில் பிராட்டின் என்னும் கம்யூனிஸ்டுத் தலைவரோடு சேர்ந்து, பணக்காரர் தங்கும் சவாய் ஹோட்டலின் புகலிடத்தில் புகுந்து, தங்களுக்கும் அதில் பங்கு உண்டென்று நிலைநாட்டினார்கள். புகலிடம் என்பது குடிகளின் உரிமை என்று சர்க்கார் ஏற்றுக் கொண்டிருந்தால், அது விளம்பரச் சரக்காய்க் கடைவீதிக்கு வந்திராது. ஏழைக்கு மறுக்கப்பட்ட புகலிடம் பணக்காரனுக்குப் போலியாய் விற்கப்பட்டது. குண்டு இரண்டுக்கும் வித்தியாசம் பாராட்டவில்லை.

இழப்பின் அளவை இன்னொரு உதாரணத்தால் விளக்குவோம். இரண்டு மாதங்கள் கழித்து, 1941-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி இரவு, லண்டனின் புகழ்பெற்ற குவீன்ஸ் ஹால் சங்கீத மண்டபம் எரிகுண்டால் சாம்பலாயிற்று. 1895-ஆம் ஆண்டு முதல் அங்கே கோடைக் கச்சேரிகளை நடத்தி வந்த ஸர் ஹென்றி உட் உயிரோடிருந்தார். அதே கோடையில் கச்சேரிகளை ஆல்பர்ட் ஹாலுக்குக் கொண்டு போனார். அவை இன்றளவும் அங்கே நடக்கின்றன. மண்டபம் போயிற்று, நடத்துகிறவர் இருந்தார், இசை இடம் மாறிப் பிழைத்தது. காபே டி பாரிஸிலோ சுவர்கள் நின்றன. நடத்துகிறவரும் வாத்தியத் தலைவரும் போனார்கள். விடுதி யுத்தம் முடியும்வரை மறுபடியும் திறக்கப்படவேயில்லை. கோஷ்டி சிதறிற்று. அதன் வாத்தியக்காரர் வெள்ளையர் கோஷ்டிகளில் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். அதனால் பிரிட்டிஷ் கோஷ்டிகளில் நிறபேதம் சற்றே தகர்ந்தது என்பது துன்பத்திலே விளைந்த ஒரு நன்மை. ஆயினும் தங்களுக்கென்று ஒரு மேடை, தங்களுக்கென்று ஒரு தலைவர் என்ற நிலை அவர்களுக்கு அவ்விரவோடு முடிந்தது. கட்டடத்தைவிட அதைத் திறந்து வைக்கும் கையே பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

விடுதி 1948-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. பெர்லின் நகரத்தில் பிறந்து, நாஜிகளை எதிர்த்து நின்ற மார்லீன் டீட்ரிச் என்னும் பாடகி 1954-ஆம் ஆண்டு அதே மண்டபத்தில் பாடினார். ஜெர்மானியக் குண்டு விழுந்த தளத்தில் ஜெர்மானியப் பெண்மணியின் குரல் எழுந்தது. காலம் செய்யும் சமாதானம் அத்தகையது. 2020-ஆம் ஆண்டு, உலகெங்கும் பரவிய தொற்றுநோயால் கேளிக்கை மண்டபங்கள் அடைபட்டபோது, அந்த விடுதி நஷ்டத்தால் மூடப்பட்டது. குண்டால் அழியாத பெயர் கடனால் அழிந்தது.

பிரிட்டனில் எதிரியின் தாக்குதலால் மாண்ட குடிமக்கள் ஏறக்குறைய 67,000 பேரின் பெயர்களை ஏடுகளில் எழுதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். சிப்பாயின் பெயர் கல்லில் பொறிக்கப்படும்போது குடியானவனின் பெயர் காற்றில் போக வேண்டியதில்லை. ஆனால் பெயரை எழுதுவதோடு கடமை தீர்ந்துவிடாது. அவன் என்ன தொழில் செய்தான், அந்தத் தொழில் நின்றதனால் ஊர் எதை இழந்தது என்பதையும் எழுத வேண்டும்.

நம் ஊர்களில் சபா நடத்துகிறவரை, நாடகக் கொட்டகை நடத்துகிறவரை, கோயில் மண்டபத்தில் பந்தலிட்டு நாகஸ்வரக்காரரை வரவழைக்கிறவரை வாசகர்கள் அறிவார்கள். வித்துவானுக்கு மாலை விழும்போது அவர் தூணோரம் நின்று கணக்குப் பார்த்துக் கொண்டிருப்பார். அவர் இல்லையேல் வித்துவான் தன் வீட்டுத் திண்ணையில்தான் பாட வேண்டும். அமைதிக் காலத்திலேயே அவருடைய பணி இத்தன்மையது என்றால், தலைக்கு மேல் விமானம் உறுமும் காலத்தில் அது எத்தன்மையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகையால் மார்ட்டினஸ் பௌல்ஸனை நாம் இரண்டு வகையாலும் நினைக்கிறோம். இருண்ட நகரத்தில் கதவைத் திறந்து வைத்ததற்காக நன்றியோடு நினைக்கிறோம். காக்க இயலாததைக் காக்கும் என்று சொன்னதற்காக வருத்தத்தோடு நினைக்கிறோம். இனி எந்தத் தேசத்தில் யுத்தம் வந்தாலும் மண்டபம் நடத்துகிறவர்கள் அவருடைய துணிவைக் கைக்கொள்ளட்டும். அவருடைய விளம்பரத்தைக் கைவிடட்டும். ஆள்வோர் குடிகளுக்கு மெய்யான கூரையைக் கொடுக்கட்டும். கூரை உறுதியாயிருந்தால் பாட்டு தானே நிலைக்கும்.